முதியோர் இல்லத்தை மதிப்பிடுதல்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒரு திருமணத்திலோ கோயில் விழாவிலோ கூடும்போது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் மாற்றல் உத்தரவுகளைப் பற்றியும் பேசுவது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் அவற்றோடு மற்றொரு பேச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "உங்கள் தாயாரை எந்த இல்லத்தில் சேர்த்திருக்கிறீர்கள்? அங்கே நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா?" என்று தணிந்த குரலில் ஒருவர் மற்றவரை விசாரிக்கிறார். விசாரித்தவருக்கு விடை கிடைக்காமல் போவதில்லை. ஒன்றுக்கொன்று மாறான இரண்டு விடைகள் கிடைப்பதுதான் தொல்லை. "பெற்ற பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள்" என்கிறார் ஒருவர். "அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்" என்கிறார் இன்னொருவர். இருவரும் பேசுவது ஒரே இல்லத்தைப் பற்றி. இருவரும் நேர்மையானவர்கள்; பொய் சொல்லி ஆதாயம் அடைய வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். இவ்விரண்டையும் கேட்டவர் என்ன முடிவுக்கு வருவது? அதைக் குறித்தே இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அது பழக்கமாகிவிட்டது. 'நர்சிங் ஹோம்' என்றால் நம் நாட்டில் சில படுக்கைகள் கொண்ட சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள் கொள்கிறோம். மேல்நாடுகளிலோ அதே சொல், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாத முதியோர் நெடுங்காலம் தங்கிப் பேணப்படும் இடத்தைக் குறிக்கிறது. நாம் அதனை முதியோர் இல்லம் என்கிறோம். ஹிந்தியில் விருத்தாசிரமம் என்பர். இந்த ஒரே பெயருக்குள் மூன்று வேறு வகைகள் அடங்கியிருக்கின்றன. நடமாட்டம் உள்ள முதியோர் பணம் செலுத்தித் தங்கும் விடுதி ஒன்று. ஆதரவற்றோருக்கான தரும இல்லம் ஒன்று. படுக்கையில் கிடப்போரையும் நினைவு தடுமாறியோரையும் இரவும் பகலும் பேணும் இல்லம் மற்றொன்று. பல இடங்களில் இம்மூன்றில் இரண்டு ஒரே கட்டடத்திலேயே நடைபெறுகின்றன. கீழ்த்தளத்தில் தோட்டத்தில் உலவிவிட்டுப் பத்திரிகை படிக்கும் பெரியவரின் மகன் தரும் புகழுரை உண்மையே. ஆனால் மேல்தளத்தில் பிறர் கை பிடித்தாலன்றி எழ முடியாத மூதாட்டியின் மகனுக்கு அது செல்லாது. ஆகவே யார் எதைச் சொன்னாலும், "உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த நிலையில் இருந்தார்?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

குடும்பத்தார் சொல்லை நாம் இவ்வளவு நம்ப வேண்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் இத்தகைய இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு அரசாங்கமே தரம் அறிவித்து வருகிறது. அந்த முறையிலும் குறைகள் சொல்லப்படுவதுண்டு. எனினும் கைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கும் நலனுக்குமான சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மாவட்டத்துக்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேராவது தங்கும் அளவில், மாநில அரசுகள் இல்லங்கள் அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. 'அமைக்கலாம்' என்றிருக்கிறது, 'அமைக்க வேண்டும்' என்றில்லை. இவ்விரு வினைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் தெரியும். தனியார் இல்லங்கள் உட்பட எல்லா இல்லங்களும் பதிவு செய்துகொள்ளவும், குறைந்த அளவுத் தரங்களைக் கைக்கொள்ளவும் வகைசெய்யும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை, 2024-இல் அந்த மக்களவை கலைக்கப்பட்டதோடு காலாவதியாயிற்று. சில மாநிலங்கள் தத்தம் விதிகளை வகுத்துள்ளன. ஆயினும் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு, அறிந்தவர் தெரிந்தவர் சொல்லும் அனுபவமே பெரும்பாலும் வழிகாட்டியாக இருக்கிறது.

நேயர்களே, இந்த விஷயத்தில் என் குடும்பத்தின் அனுபவத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். காவிரிக் கரையில் பிறந்த என் தாயார், தந்தையார் காலமான பின் தில்லிக்கு வந்து எங்களோடு பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். எண்பத்தோராவது வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்தும் நடமாட்டம் திரும்பவில்லை. அதனைத் தொடர்ந்து நினைவும் தடுமாறத் தொடங்கிற்று. வீட்டில் கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்பவர்கள். பகல் நேரத்துக்கு அமர்த்திய பணிப்பெண்கள் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் நிலைத்ததில்லை. நகர எல்லைக்கு வெளியே ஓர் இல்லத்தில் தாயாரைச் சேர்த்தோம்.

ஆறு மாதம் கழிவதற்குள் அந்த இல்லத்தைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குள்ளேயே மூன்று அபிப்பிராயங்கள் உண்டாயின. மும்பையில் இருக்கும் தமையனார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். முன்னதாகவே தெரிவித்துவிட்டு, நண்பகலில் வந்து சேர்வார். சலவை செய்த விரிப்பையும், தலை வாரிவிட்ட தாயாரையும், பணிவாகப் பேசும் நிர்வாகியையும் கண்டுவிட்டு, "குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று திரும்புவார். திருச்சியில் இருக்கும் தமக்கை நாள்தோறும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் பேசுவார். அந்த நேரத்தில் தாயார், "எனக்கு இன்னும் சோறு போடவில்லை, யாரோ என்னை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்று அழுவார். "அம்மாவை இன்றைக்கே வீட்டுக்கு அழைத்துவந்துவிடு" என்பது தமக்கையின் கட்டளை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நேரில் செல்லும் நான் கண்டது, இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. உணவும் படுக்கையும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புடைவை மாற்றும்போது, தாயாரின் முதுகின் அடிப்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு புண் இருந்தது. அதைப் பற்றி இல்லத்தார் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

இம்மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கண்ட வேளை வேறு. நண்பகல் என்பது எந்த இல்லத்திலும் நல்ல வேளை. பணியாளர் நிறைந்திருப்பர், வெளிச்சம் இருக்கும், வருவோர் போவோர் இருப்பர். நினைவு தடுமாறியவர்களுக்கோ மாலை மயங்கும் வேளையில் கலக்கம் மிகுவதுண்டு என்பது மருத்துவர் அறிந்த செய்தி. உண்ட உணவு பத்து நிமிடத்தில் மறந்துபோகும். பசித்ததாகச் சொல்லும் துயரம் மட்டும் மெய்யாக இருக்கும். நம் நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் இந்நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எனவே நம்மில் பலரும் இத்தகைய முறையீட்டைக் கேட்க நேரிடும். அதை அப்படியே நம்பி இல்லத்தாரோடு சண்டைக்குப் போவதும் தகாது. "அவர்களுக்கு நினைவில்லை" என்று தள்ளிவிடுவதும் தகாது. நோயாளியின் சொல்லைச் சோதித்தறிய வேறு வழிகள் உண்டு. மாதந்தோறும் உடல் எடையைக் குறித்துவைத்தால், சோறு போடுகிறார்களா இல்லையா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். என் தாயாரின் எடை ஆறு மாதத்தில் அரைக் கிலோகூடக் குறையவில்லை. அந்த ஒரு செய்தி தமக்கையின் மனத்தைப் பெரிதும் ஆற்றிற்று.

இவ்வாறு மாறுபட்ட செய்திகளை எடை போடப் படிக்கல் வேண்டும் அன்றோ? அதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பணிபுரிபவனை நான்காவது உறுப்பாக எண்ணுகிறார். மருத்துவனுக்கு நிகராக அவனையும் வைத்தது கருதத் தக்கது. உரைகண்ட பரிமேலழகர், அவனுக்கு வேண்டிய குணங்களும் நான்கு என்பார்: நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு. பல நூற்றாண்டுகளுக்கு முன் சொன்ன இந்நான்கும் இன்றைய இல்லத்துக்கும் பொருந்துகின்றன.

இவற்றுள் தூய்மை எளிதில் காணக்கூடியது. அதனாலேயே பார்வையாளர் அதற்கு அளவு மீறிய மதிப்புத் தருகின்றனர். பளிங்குத் தரையும் பூந்தொட்டிகளும் கண்டு மயங்கலாகாது. முன்னறிவிப்பின்றிச் சென்று, கழிவறையையும், நகங்களையும், வாயையும், குதிகாலையும் பாருங்கள். உடுப்பு மூடிய இடத்திலேதான் தூய்மையின் உண்மை தெரியும்.

அன்பு என்பது அளக்க முடியாதது எனினும், காண முடியாததன்று. தாயார் தங்கிய தளத்தில் ஜார்க்கண்டு மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பெண் ஒருத்தி பணிபுரிந்தாள். தாயார் பதினான்கு ஆண்டுகளில் தில்லியில் கற்ற ஹிந்தி, நோயின் வேகத்தில் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துவிட்டது; எஞ்சியது தாய்மொழி ஒன்றே. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இதனை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். பின்னாளில் கற்ற மொழி முன்னதாக மறையக் கூடும். 'தண்ணீர்' என்றால் அங்கே யாருக்கும் விளங்காது; 'வலிக்கிறது' என்றால் பிதற்றலாகத் தோன்றும். தண்ணீர், வலி, குளிர், புரட்டு, போதும், பயம் என்றாற்போல் முப்பது தமிழ்ச் சொற்களை நாகரி எழுத்தில் எழுதி, எதிரே ஹிந்திப் பொருளும் குறித்து, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்தேன். பல ஆண்டு அலுவலகத்தில் செய்த மொழிபெயர்ப்புகளில் இவ்வளவு பயன்பட்டது வேறொன்றும் இல்லை. அந்தப் பெண் ஒரு வாரத்தில் அத்தனையும் கற்றுக்கொண்டாள். யாரும் கேட்காமலே நான்கு சொற்களைத் தானாகச் சேர்த்தும் கொண்டாள். அவளுடைய ஊதியத்தில் இந்தப் பணிக்கென்று ஒரு காசும் இல்லை. அன்பு உள்ளதா என்று அறிய வேண்டுவோர், பணியாளர் பெரியவரின் பெயரையும் வழக்கங்களையும் அறிந்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, சொல்லியதைச் சொல்லியவாறே செய்தல். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது செவிலியர் வழக்கம். ஒரே பக்கம் அழுந்தினால் அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் புண்ணாகிவிடும். புண் கண்ட அன்று, புரட்டியதற்கான குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவு பகல் விடாமல், ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஓர் அடித்தலும் இன்றி நிரப்பியிருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் முற்பகல் முழுவதும் தாயார் எக்ஸ்ரே எடுப்பதற்காக என்னோடு மருத்துவமனையில் இருந்தார். அந்த நாளிலும் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அவரைக் கட்டிலில் புரட்டியதாகக் குறிப்பு இருந்தது! பக்கத்துக் கட்டில் பெரியம்மையின் பேரன், இரவுப் பணி முடிந்து வேளைகெட்ட வேளையில் வந்து போகிறவர், ஒரு செய்தி சொன்னார். இரவில் அந்தத் தளத்தில் இருபத்திரண்டு பேருக்கு இரண்டே பணியாளர். மற்ற மூவர் சாட்சியமும் காட்டாததை இந்த நான்காவது சாட்சியம் காட்டிற்று. இரண்டு பேர் இருபத்திரண்டு பேரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவதென்றால் வேறெந்த வேலையும் செய்ய நேரம் இராது. குறை அப்பெண்களிடத்தில் இல்லை. ஆள் எண்ணிக்கையில் இருந்தது.

நான்காவது அறிவு. தவறு நேர்ந்தபின் ஓர் இல்லம் என்ன செய்கிறது என்பதில் இது வெளிப்படும். விழாத முதியவர் இல்லை. வீட்டில் வைத்துப் பேணினாலும் விழுவர். விழுந்ததை அன்றே தெரிவிக்கிறார்களா, மறைக்கிறார்களா? மருத்துவரை அழைக்கிறார்களா, தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கிறார்களா? யாரைப் பற்றியேனும் குறை கேள்விப்பட்டால், "அதன்பின் என்ன செய்தார்கள்?" என்று மறவாமல் கேளுங்கள். குறையே இல்லை என்று சொல்லும் இல்லத்தைவிட, குறையை ஒப்புக்கொண்டு திருத்திய இல்லம் மேலானது.

எல்லாக் குறைகளும் ஒரே எடையுடையனவும் அல்ல. சோற்றுக்குப் பதில் ரொட்டி, ரசத்துக்குப் பதில் பருப்பு, காப்பிக்குப் பதில் தேநீர் என்பன பேசித் தீர்க்கக் கூடியவை. ஆனால் சில குறைகளைப் பத்துப் புகழுரைகள் சேர்ந்தாலும் ஈடுசெய்ய முடியாது. கையைக் கட்டிலோடு கட்டுதல், அடித்தல், மருத்துவர் எழுதாத மயக்க மருந்து, மறைக்கப்பட்ட புண், குடும்பத்தார் எப்போது வருவதாயினும் முன்னனுமதி வேண்டும் என்னும் தடை ஆகியவை அத்தகையன. இவற்றில் ஒன்றை நேரில் கண்டவர் ஒருவர் சொன்னாலும் நின்று விசாரிக்க வேண்டும். பெரும்பான்மை வாக்கெடுத்துத் தீர்மானிக்கும் விஷயம் அன்று இது.

எங்கள் குடும்பத்தில் மூவரும் தொலைபேசியில் கூடி, ஒவ்வொருவரும் கண்டதையும் கேட்டதையும் நாளும் மணியும் இட்டு ஒரே தாளில் எழுதினோம். எழுதி முடித்தபோது சச்சரவு பாதி தணிந்துவிட்டது. அந்தத் தாளை நிர்வாகியிடம் கொடுத்து மூன்று கோரிக்கைகளை வைத்தோம். இரவில் மூன்றாவது பணியாளர் வேண்டும். புரட்டியவரே அந்த நேரத்தில் கையொப்பமிட வேண்டும். புண்ணோ வீழ்ச்சியோ நேர்ந்தால் அன்றே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகி முகம் சுளித்தார். ஆயினும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஏழு வாரத்தில் புண் ஆறிற்று. குறிப்பேட்டில் இப்போது வெவ்வேறு கையொப்பங்கள் காண்கின்றன. சில இடங்களில் கட்டம் வெறுமையாகவும் இருக்கிறது. வெறுமையான கட்டத்தைக் கண்டால் எனக்கு நம்பிக்கை உண்டாகிறது; மற்றவை மெய் என்பதற்கு அதுவே சாட்சி. இரவுக்கு வந்த மூன்றாவது பணியாளர் மட்டும் இரண்டு மாதத்துக்குப்பின் நின்றுவிட்டார். அதைக் குறித்து மீண்டும் எழுதியிருக்கிறோம். தாயார் இப்போதைக்கு அங்கேயே இருக்கிறார். வேறு இரண்டு இல்லங்களையும் பார்த்துவைத்திருக்கிறோம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் புதுப்பித்து முடிவை மறுபடி ஆராய்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேசியும் தீராத கொடுமை காணப்பட்டால் வாளா இருத்தல் ஆகாது. மூத்த குடிமக்களுக்கென 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி எண் 2021 முதல் நாடு முழுவதற்கும் இருக்கிறது. மாவட்டத்துச் சமூக நல அதிகாரியிடமும், குற்றம் நேர்ந்திருந்தால் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் முறையிடலாம். நாள், மணி, புகைப்படம், எடைக் குறிப்பு ஆகியவை கையில் இருந்தால் முறையீட்டுக்கு வலிமை உண்டு.

நிறைவாக ஒன்று. இன்று நாம் பிறரிடம் விசாரிக்கிறோம்; நாளை பிறர் நம்மிடம் விசாரிப்பர். அப்போது நாம் தரும் விடையும் ஒரு சாட்சியமே. பெற்றவரை இல்லத்தில் விட்டவர் மனம், அவர் அங்கே நலமாகவே இருக்கிறார் என்று நம்ப விழைகிறது. தொலைவில் இருப்பவர் மனமோ, அருகில் இருக்க முடியாத ஏக்கத்தைக் குறை காண்பதில் ஆற்றிக்கொள்கிறது. இரண்டும் மனித இயல்பே. ஆதலால் 'நல்ல இல்லம்' என்றோ 'கெட்ட இல்லம்' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடாமல், "எங்கள் பெரியவர் இந்த நிலையில் இருந்தார், இத்தனை மாதம் இருந்தார், நாங்கள் இந்த வேளைகளில் சென்றோம், இது நன்றாக இருந்தது, இது தவறிற்று, தவறியபின் இவ்வாறு செய்தார்கள்" என்று சொல்லும் வழக்கத்தை மேற்கொள்வோம். அவ்வாறு நாம் சொல்வது, பெயர் தெரியாத ஒரு முதியவரின் இரவை நோவின்றிக் கழிக்க உதவக் கூடும். உறவினர் ஊரில் இருக்க, அயலூரில் முதுமை அடையப்போகும் நம் அனைவருக்கும் அது பயன்படும் நாள் வரும்.